குத்திப் பின்னுவதா, சுற்றிப் பின்னுவதா? தோலும் குரோஷேவும் சேரும் நகைக்கு நாலு வழி

கொக்கி ஊசியால் குரோஷே கம்மல் பின்னிப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். பின்னி முடித்த அன்றைக்கு வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். நாலு நாள் காதில் தொங்கி, வேர்வையும் ஈரக்காற்றும் பட்டால் ஓரம் சுருண்டு பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். இதற்குப் பழைய வைத்தியம் சர்க்கரைப் பாகு. லேஸ் விரிப்புகளை அந்தக் காலத்தில் பாகில் நனைத்து, விரித்துக் காயவைத்து விறைப்பாக்குவார்கள். நானும் செய்தேன். மறுநாள் காலையில் கம்மல் டப்பாவைத் திறந்தால் எறும்பு வரிசை. அப்புறம் சோற்றுக் கஞ்சிக்கு மாறினேன். அதற்கு ராமபாணப் பூச்சி வந்தது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து தடவினால் பூச்சி வராது, விறைப்பும் நிற்கும். ஆனால் நூல் நூலாக இருக்காது. பிளாஸ்டிக் ஸ்பூனைக் காதில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

தோல் பக்கம் நான் வந்தது இதனால்தான், அழகுக்காக இல்லை. நூலுக்குள் ஓர் எலும்பு வேண்டியிருந்தது. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள தோல் வட்டம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தாலும், ஏறக்குறைய ஒரு கிராம்தான் வரும். காதை இழுக்காது.

இரண்டையும் சேர்க்க நாலு வழி இருக்கிறது. தோல் துண்டின் ஓரத்தில் ஓட்டை குத்தி, அந்த ஓட்டைக்குள்ளேயே கொக்கி ஊசியை விட்டுப் பின்னலாம். உருண்டையான தோல் கயிற்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நூலால் பின்னலாம். தோலையே மெல்லிய நாடாவாக வெட்டி, நூலுக்குப் பதில் அதைக் கொண்டே பின்னலாம். தனியாகப் பின்னிய பூவைத் தோலின் மேல் ஒட்டியும் விடலாம். படத்தில் பார்த்தால் நாலும் அழகுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காதுக்கு முதல் வழி, கழுத்துக்கு இரண்டாவது, கைக்கு வேண்டுமானால் மூன்றாவது. ஒட்டுவதை நான் விட்டே விட்டேன்.

இந்த முடிவுக்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். தப்பு நடந்தால் எது வீணாகும்? குரோஷேவில் தப்பினால் கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும், பின்னிய வழியிலேயே பிரிந்து வந்துவிடும். தோல் அப்படியில்லை. குத்திய ஓட்டை குத்தியதுதான். ஆகவே தோலில் செய்யும் வேலை குறைவாகவும் கணக்காகவும் இருக்க வேண்டும்; தாராளமாகக் கை வைப்பதெல்லாம் நூலில்தான் இருக்க வேண்டும். இதற்கு எந்த வழி ஒத்துவருகிறதோ அதுதான் நல்ல வழி.

சரி, முதலில் தோல். சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு இருக்கிறது. முதல் தடவை போனபோது, "பாய், கம்மல் செய்யறதுக்குத் தோல் வேணும்" என்றேன்.

"கம்மலுக்கா? செருப்புக்குக் கேப்பாங்க, பர்ஸுக்குக் கேப்பாங்க. உங்களுக்கு எத்தனை ஸ்கொயர் ஃபீட் வேணும்மா?"

என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு மூலையில் கிடந்த துண்டு மூட்டையைக் கை காட்டினார். முழுத் தோல் சதுர அடிக் கணக்கு. துண்டு கிலோக் கணக்கு. நகை செய்பவருக்குத் துண்டே போதும். ஆனால் மூட்டைக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

பட்டை போட்டுப் பதனிட்ட தோல் ஒன்று, குரோம் தோல் இன்னொன்று. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஊர்கள் உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று கப்பலேறியது அந்தத் தோல்தான். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. குரோமுக்குப் பாலாற்றுப் பக்கம் போக வேண்டும்: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டியது குரோமிய உப்பில் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. (அந்த வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலை தனிக்கதை. கழிவுநீர் மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது.)

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்கி வெட்டு முனையைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளேயும் பழுப்பாகவே இருக்கும். குரோம் தோலில் பெரும்பாலும் நடுவில் நீலச் சாம்பல் கோடு ஒன்று தெரியும். சாயம் முழுக்க ஊடுருவியிருந்தால் கோடு தெரியாது. அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாயமோ மேல்பூச்சோ இல்லாத பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும்.

கம்மலுக்கு எது நல்லது? பட்டைத் தோல் விறைப்பானது. ஓட்டை சுத்தமாக விழும், விழுந்த அளவிலேயே நிற்கும். ஓரத்தை லேசாக ஈரப்படுத்தித் துணியால் அழுத்தித் தேய்த்தால் வழவழவென்று ஆகிவிடும். கெட்ட குணமும் இருக்கிறது. தண்ணீர் பட்டால் கறை தங்கும், வெயிலில் கருக்கும், ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் கரிய கறை பிடித்துவிடும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் ஊறிய துணியில் இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கோடு போட்டுக் கறுப்பு வரவழைக்கிறார்கள் இல்லையா, அதே ரசாயனம்தான் இதுவும். துணியில் அது கலை, உங்கள் கம்மலில் அழுக்கு. ஆகவே பட்டைத் தோலில் மாட்டும் வளையம் பித்தளையாகவோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும்.

குரோம் ஆட்டுத்தோல் மெத்தென்று இருக்கும், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரும், வேர்வையையும் ஓரளவு தாங்கும். ஆனால் முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் ஓட்டை போட்டு நூலை இழுத்தால் வட்ட ஓட்டை முட்டை வடிவமாக நீண்டுவிடும். இதற்கு எளிய வழி, இரண்டு துண்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி, அதன் பிறகு வெட்டுவது. தடிமன் ஒன்றரைக்கு வந்துவிடும், இரண்டு பக்கமும் மேல்தோல் தெரியும், கம்மல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலையில்லை. என் கம்மல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

ரெக்ஸினையும் சொல்லிவிட வேண்டும், தோலே வேண்டாம் என்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான் அது. ஓட்டை ஓரத்தில் துணி பிசிறும். நம் ஊர் ஈரத்தில் இரண்டு மூன்று வருஷத்தில் சில ரகங்கள் தோலுரிந்த கிழங்கு மாதிரி ஆகிவிடும். ஓட்டை குத்திப் பின்னும் வழிக்கு ரெக்ஸின் வேண்டாம். கயிறாக வாங்கிச் சுற்றிப் பின்னினால் பாதகமில்லை.

எந்தத் தோலானாலும் வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிப் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கடையில் வாங்கிய அரக்கு நிறத் துண்டில், சந்தன நிற நூலால் ஆறு ஜோடி பின்னி, அக்டோபர் மாத விற்பனை ஒன்றுக்குக் கொடுத்தேன். மழையில் நனைந்து வந்த ஒருவர் போட்டுப் பார்த்தார். மறு வாரம் ஆறில் ஒன்று திரும்பி வந்தது, சந்தனம் ரோஜா நிறமாகி. மீதி ஐந்தும் என்ன ஆயிற்றோ.

இனி முதல் வழி, குத்திப் பின்னுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கணக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

3 சென்டிமீட்டர் வட்டம். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இன்னொரு வட்டம் வரையுங்கள். ஓட்டைகள் இந்தக் கோட்டின் மேல். ஓரத்துக்கு இன்னும் நெருங்கினால் பின்னும்போது கிழியும். எத்தனை ஓட்டை? நான் போடுவது 24. பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியை எடுத்து 15 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்தால் 24 வந்துவிடும். ஒன்றுக்கொன்று இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பெல்ட்டுக்கு ஓட்டை போடும் பிளையர் இதற்கு ஆகாது. அதில் சின்னதே 2 மில்லிமீட்டர் இருக்கும், நூல் போன பிறகு சந்து தெரியும். ஒன்றரை மில்லிமீட்டர் தனிப் பஞ்ச் வாங்கி, அடியில் பழைய ரப்பர் பலகை வைத்துச் சுத்தியால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் ஓட்டை இரட்டித்துவிடும்.

1 மில்லிமீட்டர் ஸ்டீல் கொக்கி, 20ஆம் நம்பர் நூல். ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு சிங்கிள் குரோஷே (குரோஷேவின் அடிப்படைக் குட்டைத் தையல்), நடுவில் ஒரு செயின் (சங்கிலிக் கண்ணி). ஆக 48 தையல். தோலின் வெளி ஓரம் சுமார் 94 மில்லிமீட்டர்; இந்த நூலில் என் கைக்கு ஒரு தையல் 2 மில்லிமீட்டர் வரும். 48 தையல் சரியாக ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த சுற்றில் 48ஐ ஆறாறாகப் பிரித்தால் எட்டு இதழ், நாலு நாலாகப் பிரித்தால் பன்னிரண்டு முத்துமுனை. எந்த டிசைனுக்கும் மிச்சம் விழாது. 25 ஓட்டை போட்டிருந்தால் தெரியும் கஷ்டம். (பழைய பிரிட்டிஷ் புத்தகங்களை வைத்துப் பின்னுபவர்கள் கவனிக்கவும். அவர்களுடைய டபுள் குரோஷே அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே. நான் இங்கே சொல்வது அமெரிக்கக் கணக்கு.)

முதல் சுற்றில் ஒவ்வொரு கண்ணியையும் தோலின் ஓரத்துக்கு மேல் வரும்வரை நீட்டி இழுக்க வேண்டும். இறுக்கிவிட்டால் வட்டம் கிண்ணம் மாதிரி குழியும். குழிந்தால் பயப்பட வேண்டாம், பிரித்துவிட்டுத் தளர்வாகப் போடுங்கள். ஓட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன. காதில் மாட்டும் கொக்கியின் வளையத்தை மட்டும் நூலில் கோக்காதீர்கள். ஆடி ஆடி அறுத்துவிடும். உச்சியில் தோலிலேயே தனி ஓட்டை ஒன்று போட்டு அதில் மாட்டுங்கள். அந்த இடத்தில் இரண்டாம் சுற்றின் பூவேலையை இரண்டு தையலுக்கு நிறுத்தி வைத்தால் வளையம் நிமிர்ந்து நிற்கும். எனக்கு ஒரு ஜோடிக்குக் குத்த அரை மணி, பின்ன ஒன்றரை மணி நேரம் ஆகிறது. விற்பவர்கள் விலை போடும்போது குத்தும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்திருக்கிறேன்.

இரண்டாவது வழியில், அதாவது தோல் கயிற்றைச் சுற்றிப் பின்னுவதில், ஓட்டையே இல்லை. தப்பு நடந்தாலும் தோல் அப்படியே இருக்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் உருண்டைக் கயிற்றை நூலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதை உள்ளே வைத்துச் சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. ஆனால் கயிற்றை முழுக்க மூடிவிட்டால் உள்ளே தோல் இருந்தால் என்ன, துணி காயப்போடும் கயிறு இருந்தால் என்ன? தோல் தெரிய வேண்டும். மூன்று சென்டிமீட்டர் பின்னல், ஐந்து சென்டிமீட்டர் வெறும் தோல், மறுபடி பின்னல் என்று விட்டுவிட்டுச் செய்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும்.

அப்படி விட்டுச் செய்தால் இரண்டு தொல்லை வரும். பின்னல் கயிற்றில் வழுக்கி நகரும். தையல் வரிசை கொடி மாதிரி கயிற்றைச் சுற்றிக்கொண்டு திரும்பும். வழுக்குவதற்கு மருந்து, ஒவ்வொரு பகுதியின் முதல் தையலையும் கடைசித் தையலையும் ஊசியால் தோலின் ஊடே ஒரு குத்துக் குத்தி நிறுத்துவது. திரும்புவதை நான் தடுப்பதில்லை, அதுவே ஒரு டிசைனாகிவிடுகிறது. கழுத்தின் பின்பக்கத்துக்கு உலோகக் கொக்கி வேண்டாம் என்பேன். நெக்லஸ்களில் இழுத்துக் கட்டும் பின்கயிறு நம் பெண்களுக்குப் பழக்கமானது. நீளமும் வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம், பிடரியில் வேர்க்குரு வந்தால் உறுத்தாது.

தோலையே நாடாவாக வெட்டிப் பின்னும் மூன்றாவது வழிதான் பார்த்தவுடன் ஆசையைக் கிளப்புவது. நாடா கடையிலும் கிடைக்கும், வீட்டிலும் வெட்டலாம். 10 சென்டிமீட்டர் வட்டத் துண்டை ஓரத்திலிருந்து சுருள் சுருளாக 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் கிடைக்கும். கொய்யாப் பழத்தைத் தோல் அறாமல் சீவுகிற கை வேண்டும். கேட்க நிறையத் தோன்றும், ஆனால் 5 மில்லிமீட்டர் கொக்கியில் ஒரு தையலுக்கு நாலைந்து சென்டிமீட்டரை விழுங்கிவிடும். ஒரு கைப்பட்டைக்குத்தான் வரும். கை வலிக்கும், ஒரே மூச்சில் இருபது தையலுக்கு மேல் என்னால் போட முடிந்ததில்லை. எல்லாவற்றையும்விட, பிரித்தால் நாடாவில் மடிப்புத் தழும்பு விழுந்திருக்கும். குரோஷேவின் பெரிய வசதியே பிரித்துப் பின்னலாம் என்பதுதான்; அது இங்கே இல்லை. செய்துதான் தீருவேன் என்றால், செயற்கை சூயட் (வெல்வெட் மாதிரித் தோல்) நாடாவில் ஒரு முறை முழுதாகப் பின்னிப் பார்த்துவிட்டு, அப்புறம் தோலில் கை வையுங்கள்.

ஒட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வேகமான வழி, விற்பனைக்கு முந்தைய இரவில் எல்லோரும் செய்வது. ரப்பர் பசை லேஸ் கண்களின் வழியே மேலே கசிந்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் ஒரு மதியம் கிடந்தால் இளகும். ஃபெவிக்விக் இன்னும் மோசம். பருத்தியில் பட்டால் குப்பென்று சூடாகும், புகைகூட வரும், விரல் சுடும். காய்ந்ததும் வெள்ளை பூத்து நூல் குச்சியாகிவிடும். பெரிய பென்டன்ட்டில் பூ நகராமல் இருக்க நடுவில் ஒரு சொட்டு ரப்பர் பசை வைத்து, ஓரமெல்லாம் தைத்துவிடுவது என்றால் சரி. அது ஒட்டுவதில் சேராது.

நூலுக்கு வருவோம். கடையில் கண்ணை இழுப்பது பட்டு நூல் என்று விற்கும் பளபளப்பு நூல், வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் சுற்றுவார்களே அது. பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயான். விஸ்கோஸ் ஈரமானால் பலம் குறையும். பருத்தி ஈரமானால் பலம் கூடும். காதோரத்திலும் கழுத்திலும் வேர்வை இல்லாத நாள் நமக்கு ஏது? ஆகவே என் ஓட்டு மெர்சரைஸ்டு பருத்திக்கே. 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் முக்கிப் பார்த்துக் கண்டுபிடித்த முறை. பட்டு மாதிரி மினுமினுப்பு, பருத்தியின் பலம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், 10 தடிமன், 40 மெல்லிசு.

நைலானும் பாலியெஸ்டரும் இன்னும் பலமானவை, எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். பலமாக இருப்பதுதான் பிரச்சினை. ஏதாவது மாட்டி இழுபட்டால் இரண்டில் ஒன்று போகத்தான் போகிறது. பருத்தி நூல் அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். மெல்லிய நைலான் அறாது, அரம் மாதிரி தோலை அறுத்துக்கொண்டு வெளியே வரும். ஜரிகை நூலை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் உரசினால் அதன் பூச்சு போய்விடும்.

விற்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. காதுக் கொக்கி ஜெர்மன் சில்வர் என்றால் அதில் வெள்ளி கிடையாது; செம்பு, துத்தநாகம், நிக்கல். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காதுகள் நிறைய உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், உடம்பில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து விதித்திருக்கிறது. மூட்டைத் துண்டுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? அந்த வேலைக்குப் பட்டைத் தோலே நிம்மதி.

உள்ளூரில் கேட்கும் கேள்வி வேறு. "இதப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போகலாமா?" என்பது ஒன்று. "என்ன தோலுங்க?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் வைத்திருங்கள். செருப்புக் கம்பெனித் துண்டுகளில் உள்ளே வைக்கும் பன்றித் தோலும் கலந்திருக்கும்; மேலே பார்த்தால் மயிர்க்கண்கள் மும்மூன்றாகச் சேர்ந்து தெரியும். அதை நான் தனியே எடுத்து வைத்துவிடுவேன். ஆடா மாடா என்று தெரியாத துண்டைத் தெரியாது என்றே சொல்லி விற்கிறேன். கோயிலுக்கு வேண்டும் என்பவருக்கு, தோல் இல்லாமல் கனத்த பருத்திக் கயிற்றைச் சுற்றிப் பின்னிய ஆரம் ஒன்று எப்போதும் மேசையில் இருக்கும்.

போன வாரம் ஓர் அம்மா, நான் முதன்முதலில் விற்ற ஜோடிகளில் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று வருஷம் இருக்கும். வெள்ளை நூல் அழுக்கேறி, ஓரிடத்தில் அறுந்து தொங்கியது. பட்டைத் தோல் வட்டம் மட்டும் முதலில் இருந்த வெளிர் நிறம் போய், நல்ல தேன் நிறத்துக்கு வந்திருந்தது. "புதுசா ஒண்ணு தரட்டுமாக்கா?" என்றேன். வேண்டாம், இதையே சரிபண்ணிக் கொடு என்றார். நூலைச் சுற்றிலும் வெட்டி எடுத்தேன். 24 ஓட்டையும் போட்டபடியே இருந்தன. "இந்தத் தடவை கரும்பச்சையில போடு, அழுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் காய் வாங்கப் போனார். அவர் திரும்பி வரும்போது முதல் கம்மலில் இரண்டாம் சுற்றைத் தொடங்கியிருந்தேன்.